கடைசி நொடியில் கழன்ற சீட்

அண்ணா (எர்ஃபுர்ட், ஜெர்மனி): ரியோ 2016 ஒலிம்பிக் பெண்கள் டிராக் சைக்கிள் ஸ்பிரிண்ட் ஃபைனல் வீடியோ போட்டிருக்கிறேன், கடைசி வரை பாருங்கள். கோட்டைத் தாண்டிய பிறகு ஜெர்மன்காரியின் சைக்கிளில் சீட்டையே காணோம்!

பெரியப்பா: பார்த்தேன். சீட் கிடக்கட்டும், ஆரம்பத்தில் இரண்டு பேரும் ஏன் மாட்டுவண்டி மாதிரி ஊர்கிறார்கள்? போட்டிதானே?

அண்ணா: அதுதான் சூட்சுமம் பெரியப்பா. முன்னால் போகிறவர்தான் காற்றைத் தள்ள வேண்டும், பின்னால் வருகிறவர் அந்த மறைவில் சுகமாக வந்து கடைசியில் பாய்ந்துவிடுவார். அதனால நீ போ, நீ போ என்று இழுத்துக்கொண்டே, சில சமயம் அசையாமல் நின்றேவிடுவார்கள். கடைசி 200 மீட்டர்தான் வெறி ஓட்டம். பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றியே ஆக வேண்டும்.

பெரியப்பா: பிரேக் இல்லாமலா??

சுதா சித்தி: யார்ப்பா அந்தப் பெண்?

அண்ணா: கிறிஸ்டினா ஃபோகல். ஃபோகல் என்றால் பறவை. கிர்கிஸ்தானில் பிறந்து, கைக்குழந்தையாக ஜெர்மனிக்கு வந்து, இங்கே எர்ஃபுர்ட்டில் பயிற்சி எடுத்தவர். ரியோவில் பிரிட்டனின் பெக்கி ஜேம்ஸை வென்றதுதான் இந்த வீடியோ.

நான்: லண்டன் 2012-லும் தங்கம், மிரியம் வெல்டேயுடன் டீம் ஸ்பிரிண்டில், அதாவது ஒரு அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு சுற்று முன்னால் ஓட்டும் போட்டி. அது கொஞ்சம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். ஃபைனலில் முந்தியது சீனா, ஆனால் ஆள் மாறும் இடத்தில் தப்பு செய்து தங்கத்தை விட்டார்கள்.

அண்ணா: டேய், 11 உலகப் பட்டமும் அதிர்ஷ்டமா? 2009-ல் பயிற்சியின்போது ஒரு மினிபஸ்ஸில் மோதி, முதுகெலும்பு முறிந்து, பல் உடைந்து, இரண்டு நாள் கோமாவில் கிடந்தவர். அப்போது வயது 18. லண்டன் தங்கம் அதற்கு மூன்றே வருடத்தில்.

நான்: சரி சரி, வாபஸ்.

சித்தி: இப்போதும் ஓட்டுகிறாளா?

அண்ணா: இல்லை சித்தி. 2018 ஜூன் 26, கோட்புஸ் ஊர் டிராக், கான்கிரீட் தளம். பயிற்சியில் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார், அதே டிராக்கில் ஒரு நெதர்லாந்துப் பையன் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறான். மோதல். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. அதற்கு நாலு மாதம் முன்புதான் நெதர்லாந்தின் அபெல்டோர்னில் இரண்டு உலகப் பட்டம் வாங்கியிருந்தார்.

சித்தி: ஐயோ பாவமே 😢

பெரியப்பா: இதற்குத்தான் பிரேக்கைக் கேட்டேன்.

அண்ணா: அந்த வேகத்தில் பிரேக் இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பார், சொல்லுங்கள். சித்தி, பாவம் என்று மட்டும் நிறுத்தாதீர்கள். இனி நடக்க முடியாது என்று அந்த செப்டம்பரில் அவரே பேட்டியில் போட்டு உடைத்துவிட்டார். அடுத்த வருடமே எங்கள் நகர மன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார். டிவியில் சைக்கிள் பந்தய வர்ணனைக்கும் வருகிறார்.

சித்தி: சக்கர நாற்காலியிலா தேர்தலுக்கு நின்றாள்? இங்கே நம் தெரு மூலைக் கடைக்கே படி ஏறாமல் போக முடியாது.

நான்: அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். சீட் போனதும் சாயவே இல்லை, அப்படியே நின்று மிதித்து டிராக்கைச் சுற்றி வருகிறார்.

பெரியப்பா: என் சைக்கிள் சீட்டும் இரண்டு நாளாக ஆடுகிறது. காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போய் அந்த நட்டை முறுக்க வேண்டும்.