ஏழு வெளிநாட்டவர் கொண்ட ஒரு பட்டியல்: சென்னையின் எஃப்சி-யின் சிறந்த பதினொருவர் யார்?

குடந்தைக் கோட்டான் (கும்பகோணம்):

நமது சென்னையின் எஃப்சி அணி ஐஎஸ்எல் எனும் இந்தியன் சூப்பர் லீக்கின் 2024-25 பருவத்தை 13 அணிகளில் 11ஆவதாக முடித்ததிலிருந்து, எங்கள் கடைத்தெருவில் கால்பந்துப் பேச்சு என்றாலே அது பழைய ஆட்டக்காரர்களைப் பற்றியதாக மட்டுமே இருக்கிறது. அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தும் எண்ணத்தில், 2014இல் அணி தோன்றியது முதல் இன்றுவரை ஆடியவர்களிலிருந்து என் பதினொருவரைத் தேர்ந்திருக்கிறேன். கோல்காப்பாளர் கரண்ஜித் சிங். தடுப்பு வரிசையில் கால்டெரோன், மைல்சன் ஆல்வெஸ், செரெனோ, ஜெர்ரி லால்ரின்சுவாலா. நடுக்களத்தில் தன்பால் கணேஷ், ரஃபேல் அகுஸ்டோ, எலானோ. முன்களத்தில் மென்டோசா, ஜெஜே, வால்ஸ்கிஸ்.

இப்போதைய அணியிலிருந்து ஒருவரையாவது சேர்க்க வேண்டும் என்று உண்மையிலேயே முயன்றேன், இயலவில்லை. 2014இல் நானும் என் தம்பியும் உழவன் விரைவு வண்டி பிடித்துச் சென்னைக்குப் போனது எலானோ ஃப்ரீகிக் அடிப்பதைப் பார்ப்பதற்காக மட்டுமே. அந்தப் பருவத்தில் எட்டுக் கோல்கள் அடித்து, லீக்கிலேயே அதிகக் கோல்கள் அடித்தவராக அவர் முடித்தார். பந்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் இரண்டடி பின்னால் நகரும்போது அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இன்று நம் அணியில் யார் பந்தை வைத்தாலும் யாரும் மூச்சைப் பிடிப்பதில்லை.

காரைக்கால் இடதுகால் (காரைக்கால்):

அண்ணன் மன்னிக்க வேண்டும். இது சிறந்த பதினொருவரின் பட்டியல் அன்று. உங்களுக்கு இளமை ஊக்கம் இருந்த நாள்களின் பட்டியல். இப்போதைய அணி தோற்றது உண்மைதான். ஆனால் தோற்ற அணியில் நல்ல ஆட்டக்காரர் இருக்க முடியாது என்று யார் சொன்னது? ஸ்காட்லாந்தின் கானர் ஷீல்ட்ஸ் 2023இல் வந்ததிலிருந்து ஓடாத ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அவர் கோலுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் பந்துகளை முடித்துவைக்க ஒரு மென்டோசாவோ வால்ஸ்கிஸோ இருந்திருந்தால், நீங்கள் இன்று அவரைப் பற்றியும் இதேபோல் உருகி எழுதியிருப்பீர்கள். ஃபாரூக் சௌத்ரி முழங்கால் காயத்தால் நெடுங்காலம் களத்துக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பி, 2024 அக்டோபரில் வியட்நாமுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்தார். அப்போது அவர் நம் அணிக்காரர்தான்.

நீங்கள் போற்றுகிற அதே வீரர்கள் 2018-19 பருவத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் கோப்பையைத் தூக்கிய அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்றுப் பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. ஜெஜே இருந்தார், ரஃபேல் இருந்தார், மைல்சன் இருந்தார், கால்டெரோன் இருந்தார். முந்தைய பருவத்தில் ஒன்பது கோல்கள் அடித்த ஜெஜே, அந்த லீக் முழுவதும் ஒரே ஒரு கோல்தான் அடித்தார். பதினோராவது இடத்தைச் சொல்லி இன்றைய வீரர்களை ஒதுக்குகிற தராசு, பத்தாவது இடத்துக்கு மட்டும் ஏன் அசைய மறுக்கிறது?

பட்டுக்கோட்டைத் தென்னை (பட்டுக்கோட்டை):

தம்பியின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த 2018-19 பருவத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எங்கள் பக்கத்தில் அதைப் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது என் தோப்பில் நின்ற மரங்களைவிட விழுந்தவை அதிகம். பல வாரங்கள் மின்சாரம் இல்லை. கைப்பேசிக்கு மின்னேற்ற டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தவரின் வாசலில் வரிசையில் நின்றபோதுதான், நம் அணி மீண்டும் தோற்றது என்ற செய்தியைக் கேட்டேன். அப்போது அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை.

பின்னர் அந்த ஆட்டங்களைத் தேடிப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். தம்பி சொன்ன நால்வரும் இருந்தார்கள். இல்லாமற்போன இருவரை அவர் சொல்லவில்லை. செரெனோ அணியை விட்டுப் போயிருந்தார். தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. முந்தைய ஆண்டில் எதிரணியின் நடுக்கள வீரர் பந்தோடு திரும்புவதற்குள் கணேஷ் அங்கே நின்றிருப்பார்; அவருக்குப் பின்னால் செரெனோவும் மைல்சனும் பேசிக்கொள்ளாமலே இடம் மாறிக்கொள்வார்கள். அந்த முக்கோணத்தில் இரண்டு முனைகள் உடைந்தபின், ரஃபேல் பந்தை எடுக்கத் தன் பெனால்டிக் கட்டம் வரை இறங்கி வர வேண்டியிருந்தது. ஜெஜேவுக்குப் பந்தே வரவில்லை. 2018-19 பருவம் அந்த அணியைக் குறைத்துக் காட்டவில்லை. கணேஷின் மதிப்பைத்தான் கூட்டிக் காட்டியது. சென்னைப் பையன் ஒருவனை இத்தனை நாள் கழித்து இவ்வளவு பாராட்ட வேண்டியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

காரைக்கால் இடதுகால்:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே விளக்கத்தை இன்றைய அணிக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். துணை இல்லாத ஜெஜேவை மன்னிக்கிறோம். துணை இல்லாத ஷீல்ட்ஸை மட்டும் தரவரிசைப் பட்டியலைக் காட்டி அனுப்பிவிடுகிறோம்.

திருவாரூர் ஆசிரியை (திருவாரூர்):

கோட்டான் அவர்களின் பட்டியலைப் பள்ளித் தேர்வுத்தாள் திருத்துகிற பழக்கத்தில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கால்டெரோன், மைல்சன், செரெனோ, ரஃபேல், எலானோ, மென்டோசா, வால்ஸ்கிஸ் என ஏழு வெளிநாட்டவர் இருக்கிறார்கள். இந்த அணி ஐஎஸ்எல் வரலாற்றில் எந்த நாளிலும் களத்தில் இறங்கியிருக்க முடியாது. முதல் மூன்று பருவங்களில் களத்தில் ஆறு வெளிநாட்டவருக்கு இடம் இருந்தது. 2017-18 பருவத்தில் அது ஐந்தானது. 2021-22 முதல் நான்குதான்.

இதைக் குறைகாணும் ஆசையில் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் நடக்கிற வாதத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எலானோ ஆடிய 2014இல் அவரைச் சுற்றி இன்னும் ஐந்து வெளிநாட்டவர் ஆடினார்கள். எட்டு அணிகள், லீக் சுற்றில் அணிக்குப் பதினான்கு ஆட்டங்கள், உலகக் கோப்பை வென்ற மத்தராட்ஸி அணியின் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். ஷீல்ட்ஸ் ஆடிய 2024-25 பருவத்தில் அணிக்கு 24 லீக் ஆட்டங்கள், களத்தில் நால்வர் மட்டுமே வெளிநாட்டவர். அன்று வெளிநாட்டவர் கையில் இருந்த வேலையில் மூன்றில் ஒரு பங்கை இன்று இந்திய வீரர்கள் செய்கிறார்கள். ஒரே விதியின் கீழ் இருவரையும் நிறுத்தாமல் யார் பெரியவர் என்று கேட்பது, ஆற்றுப் பாசனத்து வயலின் விளைச்சலையும் மானாவாரி நிலத்தின் விளைச்சலையும் ஒரே மரக்காலில் அளப்பது போலாகும்.

ஆகவே என் வேண்டுகோள்: நால்வர் என்ற இன்றைய விதிக்குள் உங்கள் பதினொருவரை மீண்டும் அமைத்துக் காட்டுங்கள்.

குடந்தைக் கோட்டான்:

டீச்சர் எண்ணிக் காட்டும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. மூவரை வெளியேற்ற வேண்டும் என்று நேற்று இரவு உட்கார்ந்தேன். பட்டியலை எழுதியபோது இருந்த உற்சாகம் அழித்தபோது இல்லை.

கால்டெரோனுக்குப் பதிலாக வலப்புறத் தடுப்பில் எட்வின் சிட்னி வான்ஸ்பாலைச் சேர்த்தேன். எந்த இடத்தில் நிறுத்தினாலும் முகம் சுளிக்காமல் ஆடிய தமிழ்நாட்டுக்காரர் அவர். வால்ஸ்கிஸை நீக்கியது கடினமாக இருந்தது. 2019-20 பருவத்தில் பயிற்சியாளராக ஓவன் கோயில் வந்த பிறகு, கீழே கிடந்த அணியை இறுதி ஆட்டம்வரை இழுத்துச் சென்றவர் அவர், பதினைந்து கோல்கள், கோவாவுக்கு எதிரான அரையிறுதி இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று முடிந்த அந்த மூச்சுத்திணறலை யாரும் மறக்க முடியாது. ஆனால் அதே அணியில் ஏழு கோல்கள் அடித்த சாங்தே இருக்கிறார். 2022இல் மும்பைக்குச் சென்று, அடுத்த பருவத்தில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். வெளிநாட்டவர் இடம் ஒன்றை மிச்சப்படுத்த அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

மூன்றாவது பெயரில்தான் நிற்கிறேன். எலானோ, ரஃபேல், மைல்சன், செரெனோ, மென்டோசா ஆகிய ஐவரில் ஒருவர் போக வேண்டும். செரெனோவை நீக்கினால் மைல்சனின் பக்கத்தில் நிற்க ஓர் இந்தியத் தடுப்பாட்டக்காரர் வேண்டும். மென்டோசாவை நீக்குவது பற்றி நான் சிந்திக்கப் போவதில்லை. 2015இல் அடியில் கிடந்த அணி கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குப் போனது. வெள்ளத்தால் சொந்த அரங்கில் ஆட முடியாமல் புனேயில் கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. பிறகு கோவாவில் 3-2 என்று கோப்பை. அந்த ஓட்டம் முழுவதும் மென்டோசாவின் பதின்மூன்று கோல்களின் மேல் நடந்தது.

மன்னைக் கோல்காப்பாளர் (மன்னார்குடி):

கோல்கம்பத்துக்கு நடுவில் நிற்பவனின் பார்வையில் சிலவற்றைச் சொல்கிறேன். சம்பா அறுவடை முடிந்த வயலில் மூங்கில் நட்டு எழுவர் ஆட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும்: தாள்கட்டையில் கால் கிழிபடுவதைவிட, முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன் பந்தைப் பார்த்து ஆளை விட்டுவிடுவதுதான் அதிகம் வலிக்கும்.

2015 இறுதி ஆட்டத்தை எல்லோரும் மென்டோசாவின் ஆட்டம் என்கிறீர்கள். கோவாவின் கோல்காப்பாளர் கட்டிமணி அன்று இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். முதலாவதைத் தடுத்ததும் திரும்பி வந்த பந்தை நம் பெலிசாரி உள்ளே தள்ளினார். இரண்டாவதை அடித்துத் தவறவிட்டவர் உங்கள் மென்டோசா. 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. 90ஆம் நிமிடத்தில் பந்து அதே கட்டிமணியின் கையிலிருந்து வலைக்குள் போனது. அதற்குப் பிறகுதான் மென்டோசாவின் வெற்றிக் கோல். பெருமையை அவரிடமிருந்து பறிக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பை ஒரு நல்ல கோல்காப்பாளரின் கெட்ட நிமிடத்தில் கிடைத்தது. அன்று எனக்கு முழு மகிழ்ச்சி வரவில்லை.

2018 இறுதி ஆட்டம் வேறு வகை. லீக்கில் 40 புள்ளிகளோடு முதலில் நின்ற பெங்களூரு, தன் அரங்கில், ஒன்பதாம் நிமிடத்திலேயே சேத்ரியின் கோலால் முன்னிலை பெற்றது. நம் நெல்சன் அடித்த இரண்டு கார்னர்களை மைல்சன் தலையால் முட்டி இரண்டு கோல்களாக்கினார்; ரஃபேல் மூன்றாவதை அடித்தார்; 3-2. அங்கே எதிரியின் தவறு எதுவும் நமக்கு உதவவில்லை. எனவே மைல்சனும் செரெனோவும் என் கண்ணில் ஒரு சோடி; அவர்களைப் பிரிக்கக் கூடாது. இந்தியத் தடுப்பாட்டக்காரர் ஒருவரை நடுவில் நிறுத்தி நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கும்படி, இத்தனை பருவங்களில் நம் அணி ஒருவரையும் நீண்ட நாள் வைத்திருக்கவில்லை. நீக்க வேண்டியவர் எலானோ.

காரைக்கால் இடதுகால்:

கோல்காப்பாளர் அண்ணன் நான் சொல்லத் தயங்கியதைச் சொல்லிவிட்டார். நடுக்கள வீரர் அனிருத் தாபாவும் பட்டியலில் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லையா? 2016இல் சிறுவனாக வந்து, 2018இல் கோப்பை வென்று, பிறகு தலைவராகவும் இருந்து, 2023இல் கொல்கத்தாவுக்குப் போகும்வரை ஏழு பருவங்கள் ஆடியவர். எலானோ நமக்கு ஒரே ஒரு பருவத்தில்தான் கோல் மழை பொழிந்தார்.

இதோடு சேர்த்து ஒரு மனக்குறை. தமிழ்நாட்டு வீரர்கள் என்று தேடினால் கணேஷ், வான்ஸ்பால் என்று நின்றுவிடுகிறோம். 2020 மார்ச் இறுதி ஆட்டத்தில் ஆளில்லா அரங்கில் நம்மை 3-1 என்று வென்ற கொல்கத்தாவின் ஏடிகே அணியில் கன்னியாகுமரிக் கடற்கரையின் சூசைராஜ் இருந்தார். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்திய ஈஸ்ட் பெங்கால் கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். இவர்களை நம் அணி வளர்க்கும் வயதில் கண்டிருந்தால் கோட்டான் அண்ணனுக்கு இன்று இந்த எண்ணிக்கைச் சிக்கலே வந்திராது.

திருவாரூர் ஆசிரியை:

அந்த மனக்குறை எனக்கும் உண்டு; ஆனால் ஆடாதவர்களைப் பட்டியலில் சேர்க்க முடியாது. தாபா விடுபட்டது என் கண்ணுக்கும் தப்பிவிட்டது. நன்றாகச் சொன்னீர்கள்.

குடந்தைக் கோட்டான்:

திருத்திய பட்டியல்: கரண்ஜித், வான்ஸ்பால், மைல்சன், செரெனோ, ஜெர்ரி, கணேஷ், தாபா, ரஃபேல், சாங்தே, ஜெஜே, மென்டோசா. வெளிநாட்டவர் நால்வர். டீச்சர் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

காரைக்கால் தம்பிக்கு: ஷீல்ட்ஸை மாற்று ஆட்டக்காரர்களில் முதலாவதாக எழுதியிருக்கிறேன், வால்ஸ்கிஸுக்கும் முன்னால். கடைசி இருபது நிமிடங்களில் களைத்துப்போன தடுப்பாட்டக்காரர்கள்மீது அவரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று எழுதும்போதே பார்த்தேன். நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஃபாரூக்கும் மாற்று வரிசையில் உண்டு.

எலானோவை எந்த வரிசையிலும் எழுதவில்லை. மாற்று ஆட்டக்காரராக அவரை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. என் தம்பி இப்போது அயல்நாட்டில் வேலை பார்க்கிறான். இந்தப் பக்கத்தைப் படிக்கிறானா என்று தெரியாது. படித்திருந்தால் நாளைக் காலையில் தொலைபேசி வரும்.