அறுபதுக்கு மேல் நடை மட்டும் போதுமா?

ஓய்வு வாத்தியார்: “அறுபதைத் தாண்டினால் நடையே போதும், எடை தூக்குவது இளவட்டங்களின் வேலை” என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறை ஒட்டிய வயதினருக்கு மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் குழு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடை இதயத்துக்கு நல்லதுதான், யார் இல்லை என்றது? கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழத் தொடையில் பலம் வேண்டாமா?

பூங்கா நடை: எழுதியவன் நான்தான், ‘ஒருவர்’ என்று மறைக்க வேண்டாம். அந்த ஆய்வில் எத்தனை பேர்? பத்துப் பேர்! எங்கள் தெரு டீக்கடையில் அதைவிடக் கூட்டம் இருக்கும்.

ஓய்வு வாத்தியார்: 1994-இல் அதே குழு நூறு பேரை வைத்துப் பத்து வாரம் செய்தது. 113 சதவீதம்.

பூங்கா நடை: 174 போய் 113 ஆகிவிட்டதா? ஆடித் தள்ளுபடியா சார்? நான் கேட்டது பத்துப் பேரைப் பற்றி.

தயிர்சாதம்: அந்த நூறு பேரில், பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. புரத மாவுக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இரும்பு62: யாரைக் குத்துகிறீர்கள் என்று தெரிகிறது மேடம். போன தீபாவளிச் சண்டை இன்னும் ஆறவில்லை போல. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 வேண்டும் என்று 2013-லேயே ஒரு வல்லுநர் குழு சொல்லிவிட்டது. காலையில் இரண்டு இட்லி, இரவில் இரண்டு இட்லி என்றால் எங்கிருந்து வரும்? ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது.

தயிர்சாதம்: வந்துவிட்டது முட்டை! சுண்டலும் பாசிப்பயறும் கண்ணில் படாதா? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த 1.2-ஐ நம்பி இறங்கினால் யார் பொறுப்பு? மருத்துவரைக் கேட்கச் சொல்ல வாய் வரவில்லையே.

பூங்கா நடை: முட்டையைக் காட்டிப் பேச்சை மாற்றாதீர்கள். பத்துப் பேர். அதிலும் ஒருவர் பாதியில் போய்விட்டார். ஒன்பது!

ஓய்வு வாத்தியார்: உலக சுகாதார நிறுவனம் 2020-இல் என்ன சொன்னது? வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 65-க்கு மேல் என்றால், விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். அவர்களும் டீக்கடையில் உட்கார்ந்தா எழுதினார்கள்?

பூங்கா நடை: என் அப்பா 88 வயது வரை நடந்தே வாழ்ந்தார். ஒரு டம்பெல்லைத் தொட்டதில்லை.

இரும்பு62: கிணற்றில் தண்ணீர் இறைத்திருப்பாரே, நெல்மூட்டை தூக்கியிருப்பாரே. அதெல்லாம் என்ன, பஞ்சு மூட்டையா?

பூங்கா நடை: என் அப்பாவை இழுக்கிறீர்கள். நிர்வாகி எங்கே?

ஓய்வு வாத்தியார்: இழுத்து வந்தது நீங்கள். அப்புறம், ஒன்பது பேர் போதாது என்கிறவர் ஒரே ஒருவரைச் சாட்சிக்குக் கொண்டுவரலாமா?

பூங்கா நடை: செக்கு எண்ணெய் விவாதத்தில் நீங்கள் எழுதியதெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் போடட்டுமா?

ஓய்வு வாத்தியார்: போடுங்கள். கூடவே உங்கள் பதிலையும் போடுங்கள், பாதியை வெட்டாமல்.

பூங்கா நடை: முதலில் பத்துப் பேருக்குப் பதில்.