காற்று இறங்கிய டயரோடு 3 கி.மீ. ஓட்டிவிட்டேன், டயரை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி:
ஞாயிறு இரவு சென்னையிலிருந்து விழுப்புரம் போகும்போது, திண்டிவனம் தாண்டியதும் காரின் பின்பக்கம் லேசாக ஆடியது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் தடதடவென்று சத்தம், இறங்கிப் பார்த்தால் பின்பக்க இடது டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. மணி 11, ஒரே இருட்டு, குழந்தை பின்சீட்டில் தூங்குகிறாள். அங்கே நிற்கப் பயந்து 20, 30 வேகத்தில் 3 கி.மீ. உருட்டிக்கொண்டே போய் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஸ்டெப்னி மாட்டினேன். மறுநாள் கடையில் ஆணியைப் பிடுங்கிப் பஞ்சர் போட்டுக் கொடுத்தார்கள், காற்றும் நிற்கிறது. ஆனால் இன்னொரு கடைக்காரர் "இந்த டயரை நம்பாதீங்க" என்கிறார். 14,000 கி.மீ.தான் ஓடியது, வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அவர் சொல்வது உண்மையா?

பதில் 1:
நான் டயர் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் போட்டபோது டயரை ரிம்மிலிருந்து கழற்றினார்களா? டியூப்லெஸ் என்றால் வெளியிலிருந்தே திரியைச் சொருகி அனுப்பியிருப்பார்கள், உள்ளே என்ன ஆனது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றுதான். அது போய்விட்டால் சைடுவால், அதாவது டயரின் பக்கவாட்டுச் சுவர், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நசுங்கும். சாதாரண கார் டயர் ஒரு கி.மீ.க்கு சுமார் 500 சுற்று சுற்றும், அப்படியென்றால் உங்கள் டயர் 1,500 தடவை மடங்கியிருக்கிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும். கழற்றி உள்ளே கைவிட்டுப் பாருங்கள், கறுப்பாக ரப்பர் தூள் வந்தாலோ, சைடுவாலில் சுற்றிலும் வளையம் போலத் தேய்ந்திருந்தாலோ அந்த டயர் முடிந்தது. 100 வேகத்தில் வெடிக்கலாம். ரிம் நெளிந்திருக்கிறதா என்று வீல் பேலன்சிங் மிஷினில் சுற்றவிட்டும் பாருங்கள்.

பதில் 2:
எனக்கு முன் டயர், ஊருக்குள்ளேயே. ஒரு கி.மீ.கூட இருக்காது. டயரோடு ரிம்மும் போய்விட்டது, ஸ்டீயரிங் ஒரே பக்கமாக இழுத்தது. இன்சூரன்ஸ் வரும் என்று நம்பியிருந்தேன், சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் எதுவும் கிடைக்காது. அதே விபத்தில் வண்டியும் அடிபட்டிருந்தால்தான் டயர் விலையில் பாதி.

பதில் 3:
அந்த நேரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு பயந்ததில் தப்பே இல்லை. வளைவிலோ பாலத்திலோ நின்றுவிட்டால், டயர் போனாலும் போகட்டும் என்று நடை வேகத்தில் நகர்த்திவிட வேண்டியதுதான், உயிரை விட டயர் பெரிதில்லை. ஆனால் 3 கி.மீ. அதிகம். இடது ஓரம் கிடைத்ததும் நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கவே கூடாது, பின்னால் வரும் லாரி கண் அசந்தால் போச்சு. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு போன் செய்யலாம்.

கேட்டவர்:
இன்று கழற்றிப் பார்த்தேன். காபித்தூள் மாதிரி ஒரு கைப்பிடி கொட்டியது. அதே டயரில்தான் நேற்று மனைவியும் குழந்தையும் மேல்மருவத்தூர் போய் வந்தார்கள். புது டயர் சொல்லிவிட்டேன். வலது பக்கமும் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
14,000தானே, தேய்மானம் குறைவாகத்தான் இருக்கும். அதே சைஸ், அதே மாடல் கிடைத்தால் ஒன்று போதும். அப்புறம் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.