வேப்பமரத்து வேரும் காம்பவுண்டுச் சுவரும்

குழு: பண்ருட்டி வீடு

பெரியப்பா: வாசல் வேப்பமரத்து வேர் தெருப்பக்கச் சுவரைத் தூக்கிவிட்டது. விரல் போகிற அளவுக்கு விரிசல். கொத்தனார் வந்து பார்த்தார், மரத்திலிருந்து 4 அடி தள்ளி நீளமாக வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டி, குறுக்கே வரும் வேரையெல்லாம் வெட்டிவிட்டுப் புதிதாக அஸ்திவாரம் போடலாம் என்கிறார். நாளைக்கு ஆரம்பிக்கிறோம்.

அத்தை: செய்யுங்கள் அண்ணே. முருங்கையை மொட்டையடித்தாலும் தழைக்கிறது, வேம்புக்கு நாலு வேர் போனால் ஒன்றும் ஆகாது.

நான்: பெரியப்பா, நாளைக்கு வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள். மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் டேப் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான்: அத்தை, கிளையை வெட்டினால் தழைப்பதே அடிமரத்திலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை வைத்துத்தான். வேரை வெட்டினால் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கும் போகிறது, தண்ணீர் எடுக்கிற சல்லிவேரும் போகிறது. துளிர் விடச் சொல்லி மேலே போகிற சுரப்பும் பெரும்பாலும் வேர் நுனியில் உண்டாவதுதான், அதனால் இலை சிறுக்கும், துளிர் குறையும், உச்சிக் கிளை காயும். அதுவும் உடனே தெரியாது, இரண்டு மூன்று வருடம் கழித்துக்கூடத் தெரியலாம். அப்போது வெட்டினதை எல்லோரும் மறந்திருப்போம்.

பெரியப்பா: 6 அடி 2 அங்குலம்.

நான்: அப்படியென்றால் விட்டம் ஏறக்குறைய 2 அடி. விட்டத்தைப் போல 3 மடங்குக்குள், அதாவது 6 அடிக்குள், மரத்தைப் பிடித்து நிறுத்துகிற பெரிய பக்கவேர்கள் இருக்கும். அவற்றை வெட்டவே கூடாது. 12 அடி தள்ளி, ஒரே பக்கம் மட்டும் வெட்டினால் மரம் பெரும்பாலும் தாங்கும். கொத்தனார் சொல்வது 4 அடியில்.

அண்ணன்: ஆணிவேர் ஆழமாக இருக்குமே, அது பிடிக்காதா?

நான்: வளர்ந்த மரத்துக்கு ஆணிவேரை மட்டும் நம்ப முடியாது அண்ணா. வேரில் பெரும்பகுதி மேல் 2 அடி மண்ணுக்குள்தான், கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும்.

சித்தப்பா: கிணற்றடிப் பலாவை மறந்துவிட்டீர்களா? பைப் பதிக்க ஒரு பக்க வேரை வெட்டினோம். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்று அது சாய்ந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன், வெட்டின பக்கம்தான் மண்ணோடு பெயர்ந்து வானத்தைப் பார்த்து நின்றது. என் மணிக்கட்டுத் தடிமனுள்ள வேர் முனைகள், கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் உதிர்ந்தன.

அத்தை: அந்தப் பலா அப்பா வைத்தது. இது தெரியாமல் பேசிவிட்டேன்.

அண்ணன்: அந்தப் புயலில் வேர் வெட்டாத மரமும் ஆயிரக்கணக்கில் விழுந்ததே.

நான்: விழுந்தது, உண்மைதான். ஆனால் அவ்வளவு காற்று வருகிற ஊரில் காற்றடிக்கிற பக்கத்துப் பிடியை நாமே அறுத்து வைக்கலாமா? வாசலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

பெரியப்பா: சரிப்பா, சுவருக்கு என்ன வழி சொல். அப்படியே விட முடியாது.

நான்: நீள வானம் வேண்டாம். வேர் இல்லாத இடமாகப் பார்த்துத் தனித்தனிக் குழி எடுத்துத் தூண் நிறுத்தி, தூணுக்குத் தூண் தரைக்கு மேலே பீம் போட்டு, அதன்மேல் சுவர் கட்டலாம். பீமுக்கும் வேருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் வேர் பருத்தாலும் சுவரைத் தொடாது. குழியைக் கையால் தோண்டச் சொல்லுங்கள், ஜேசிபி வேண்டவே வேண்டாம், அது வேரை இழுத்துப் பிய்க்கும், நார்நாராகக் கிழிந்த இடத்தில்தான் அழுகல் நுழையும். கட்டைவிரல் தடிமனுக்குக் குறைந்த வேர் குறுக்கே வந்தால் ரம்பத்தால் நேராக அறுத்து அன்றைக்கே மண் மூடிவிடலாம், வெட்டுக்குச் சற்றுப் பின்னாலிருந்து புது வேர் விடும். அதைவிடப் பெரியது வந்தால் குழியைத் தள்ளிப் போடுங்கள்.

அத்தை: மேலே கிளையைக் கழித்துவிட்டால் சமமாகிவிடாதா?

நான்: காய்ந்ததை மட்டும் கழிக்கலாம் அத்தை. புது வேருக்குச் சாப்பாடு இலையிலிருந்துதான் வர வேண்டும். அதற்குப் பதில் இந்தக் கோடை முழுக்க வாரம் ஒரு தரம் நிழல் விழுகிற பரப்பெல்லாம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் அடியிலேயே பரப்புங்கள்.

பெரியப்பா: கொத்தனாரிடம் பேசிவிட்டேன். தூண் வைத்துக் கட்டினால் கம்பிச் செலவு கூடுமாம். பரவாயில்லை, வியாழக்கிழமை குழி எடுக்க வருகிறார். தம்பி, உன் பல் ரம்பத்தைக் கொண்டு வா, இங்கே இருப்பது மழுங்கிவிட்டது.

சித்தப்பா: புதன் ராத்திரியே வருகிறேன் அண்ணே. குழி தோண்டும்போது நானும் பக்கத்தில் இருக்கிறேன்.