பம்பு நிறுவன நேர்முகத் தேர்வு: விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகலாமா?

கோபி டிப்ளமோ:
அனைவருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் இறுதிப் பருவத்தில் படிக்கிறேன். கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, தரப் பரிசோதனைப் பிரிவு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் இப்படி ஒரு தேர்வுக்குப் போனதில்லை. இங்குள்ள ஒரு பயிற்சி மையத்தில், கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் விடை எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைக்கிறார்கள். அப்பா பணம் கட்டத் தயாராக இருக்கிறார். சேரலாமா, பாடத்தைத் திருப்பிப் படித்தால் போதுமா?

கணபதி ஃபவுண்டரி:
தம்பி, சேர வேண்டாம். பம்பு உறைகளையும், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர்களையும் வார்த்துக் கொடுக்கும் ஓர் ஆலையில் தரப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஆள் எடுக்கும்போது நானும் உட்காருவேன். மேசையில் நுண்ணளவு பார்க்கும் ஒரு வெர்னியர் காலிப்பரும், கடைந்தெடுத்த ஒரு புஷ்ஷும் (உருளை வளையம்) இருக்கும். அண்மையில் வந்த ஓர் இளைஞர் தன்னைப் பற்றித் தடையில்லாத ஆங்கிலத்தில் பேசினார். காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர் என்றும் சரியாகவே சொன்னார். புஷ்ஷை அளந்து காட்டச் சொன்னதும் தாடைகளைச் சாய்வாகப் பிடித்தார். முதன்மை அளவுகோலைப் படித்ததோடு நின்றுவிட்டார். வெர்னியர் அளவுகோலின் எந்தக் கோடு முதன்மை அளவுகோலின் கோட்டோடு பொருந்துகிறது என்று தேட அவருக்குத் தெரியவில்லை.

அதே நாளில் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடம், பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை, என்ன பார்ப்பாய் என்று கேட்டேன். குழாயின் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வில் செத்தை சிக்கியிருக்கலாம், உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று ஏறலாம், பம்புக்குள் தண்ணீர் நிரப்பாமல் ஓட்டியிருக்கலாம், மும்முனை மின்சாரத்தில் இரண்டு வயர் மாறிப்போய் மோட்டார் எதிர்ப்புறம் சுற்றலாம் என்று தமிழிலேயே வரிசையாகச் சொன்னார். தோட்டத்துக் கிணற்றில் கற்றதை அவர் அப்படியே கொண்டுவந்திருந்தார். அவரை எடுத்துக்கொண்டோம். நீங்களும் கோபிக்காரர்தானே, இவையெல்லாம் உங்கள் கண் முன்னே நடப்பவை அல்லவா?

பெருந்துறை ஆசிரியை:
ஐயா சொல்லும் காட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நேர்மாறான காட்சியை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கல்லூரியில் வேலைவாய்ப்புப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் படிப்பவர்களில் பலர் அந்தியூர், பர்கூர் மலை, சத்தியமங்கலம் பகுதிகளிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர்கள். கடைசல் இயந்திரமான லேத்தின் தலைப்பகுதியை (ஹெட்ஸ்டாக்) பிரித்துப் பூட்டக்கூடிய ஒரு மாணவன் இருந்தான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டதும் தன் பெயரையும் தந்தை பெயரையும் சொல்லிவிட்டு நின்றான். நன்றி, போய் வரலாம் என்றார்கள். அவன் கைக்குக் காலிப்பர் வரவே இல்லை. திறமையைக் காட்டும் இடம்வரை ஒரு பிள்ளை போய்ச் சேருவதற்கு மனப்பாடம் உதவுமென்றால், அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணபதி ஃபவுண்டரி:
அம்மா, தொடங்குவதற்கு நான்கு வரி மனத்தில் பதிந்திருப்பது வேறு, நாற்பது கேள்விக்கு விடையை ஒப்பிப்பது வேறு. முதலாவதற்கு நான் எதிரியல்ல. இரண்டாவது பழக்கம் உள்ளவர், கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலும் தனக்குத் தெரிந்த விடையைத்தான் சொல்கிறார். அந்த இடத்தில் எங்களுக்கு நம்பிக்கை போய்விடுகிறது. மேலும், கோவையில் ஷாப் ஃப்ளோரில், அதாவது உற்பத்தித் தளத்தில், நடக்கும் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். விளக்கத்தைத் தமிழில் சொல்லலாமா என்று மரியாதையாகக் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் மறுப்பதில்லை.

பெருந்துறை ஆசிரியை:
உங்களைப் போன்றவர்கள் மறுக்க மாட்டீர்கள். கேள்வி கேட்பவர் புனேயிலிருந்தோ குர்கானிலிருந்தோ வந்திருந்தால்? பெரிய நிறுவனங்களில் முதலில் ஆப்டிட்யூட் எனும் திறனறித் தேர்வு, அடுத்துக் குழு விவாதம், அதற்குப் பிறகுதான் தொழில்நுட்பக் கேள்விகள். தேர்வறையில் இருப்பவர் எல்லோரும் உங்களைப் போலப் பொறுமையாகக் கேட்பார்கள் என்று கருதிக்கொண்டு ஒரு மாணவனை அனுப்ப முடியாது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
நான் பின்னலாடை ஏற்றுமதியில் இருப்பதால் அக்கா பக்கம் ஒரு காலும் அண்ணன் பக்கம் ஒரு காலும் வைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வேலையில் ஆங்கிலம் அலங்காரமல்ல. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, அதாவது பையருக்கு, நாள் முழுவதும் எழுதுவதே வேலை. ஆனாலும் ஒப்பித்துப் பேசுபவரை எடுக்க மாட்டேன். ஜி.எஸ்.எம். என்றால் என்ன என்று கேட்டால், ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். வட்ட கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடுத்தேன், எடை 1.8 கிராம் வந்தது, இந்தத் துணி எத்தனை ஜி.எஸ்.எம். என்று கேட்டால் பாதிப்பேர் திகைக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் அப்படி நூறு துண்டுகள் அடங்கும், நூறால் பெருக்கினால் 180 என்று வந்துவிடும். அதற்குப் பிறகு நான் வழக்கமாகக் கேட்பது: சாய ஆலையிலிருந்து வந்த துணி ஒப்புதல் பெற்ற நிறத்திலிருந்து சற்று மாறியிருக்கிறது, கப்பலேற்றும் நாள் நெருங்கிவிட்டது, பையருக்கு இப்போது என்ன எழுதுவீர்கள்? இதற்கான விடை எந்த மையத்தின் தாளிலும் இருக்காது. ஆகவே ஆங்கிலப் பயிற்சி வேண்டும், அது சொந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கணபதி ஃபவுண்டரி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். உங்கள் குறை என்ன என்று கேட்டால், எதையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பதே என் குறை என்கிறார்கள். வருகிறவர் எல்லோருக்கும் ஒரே குறை எப்படி இருக்க முடியும்? வரைபடத்தில் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு) குறிகளைப் படிக்க எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு என்று சொல்லுங்கள். கற்றுத் தருவதற்கு ஓர் இடம் கிடைத்தது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

பெருந்துறை ஆசிரியை:
இதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளை தன் குறையையும் வாய்விட்டுச் சொன்னால், அடுத்து நிற்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். குறையைச் சொல்லலாம், அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்வதற்கும் பழகித்தான் ஆக வேண்டும். பத்துப் பேர் முன்னால் நின்று பேசிப் பழகாதவருக்கு உண்மையைச் சொல்லவும் வாய் வருவதில்லை என்பதை ஐயா கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் தம்பி, அதற்காக அப்பாவின் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. 2022இல் தொடங்கிய, தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் பேச்சுத் திறன் உள்ளிட்ட பயிற்சிகளுக்கு ஏற்பாடு உண்டு. உங்கள் கல்லூரியிலேயே விசாரியுங்கள். நண்பர்கள் நால்வர் மாறி மாறிக் கேள்வி கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு புரளவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

கணபதி ஃபவுண்டரி:
மையம் வேண்டாம் என்பதிலாவது ஒன்றுபட்டோம். அந்த நிறுவனத்தின் பம்பு ஒன்றை விற்பனைக் கடையில் நேரில் பார்த்துவிட்டுப் போங்கள், தம்பி. பெயர்ப்பலகையில் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு), குதிரைத்திறன் எல்லாம் பொறித்திருக்கும். ஒவ்வொன்றையும் விளக்கத் தெரிய வேண்டும். நம் பக்கத்து ஆழக் கிணறுகளில் பம்பை ஏன் உள்ளே திட்டுக் கட்டி இறக்கி வைத்தார்கள் என்று கேட்பார்கள். காற்றழுத்தம் தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் தள்ளாது. குழாய் உராய்வையும் மற்ற இழப்புகளையும் கழித்தால், நடைமுறையில் 7 மீட்டர் அளவில்தான் உறிஞ்ச முடியும். தண்ணீர் கீழே போகப் போகப் பம்பும் கீழே போனதற்கு அதுதான் காரணம். இதைச் சொல்லத் தெரிந்தவரிடம் மொழியை யார் எடைபோடப் போகிறார்கள்?

பெருந்துறை ஆசிரியை:
எடைபோடுகிறார்கள், ஐயா. நீங்கள் சொன்ன விளக்கத்தை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாகத் தம்பி தாமே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். உங்கள் அறையானாலும் இன்னொருவர் அறையானாலும் அது துணை நிற்கும்.

கோபி டிப்ளமோ:
இருவருக்கும் நன்றி. மையத்தில் சேரப் போவதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். கோபியிலிருந்து தினமும் வந்துபோக முடியுமா என்று கேட்டால் என்ன சொல்வது? அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் கொடுக்கலாமா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
ஷிஃப்ட் வேலைக்கு அங்கிருந்து தினமும் வந்துபோவது ஒத்து வராது. தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். விடுதியும் கேன்டீனும் உண்டா என்று நீங்களே கேளுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அசலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அசலை வைத்துவிட்டுப் போகச் சொன்னால், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சான்றிதழ்களைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.