காத்துல வாழை சாஞ்சா நிவாரணம் யாருக்கு, பட்டாதாரருக்கா குத்தகைக்காரனுக்கா?

குத்தகை வாழை (சின்னமனூர் பக்கம்):
போன வாரம் அடிச்ச காத்துல தார் போட்ட ஜி நைன் ரக வாழை பூரா இடுப்போட முறிஞ்சு கெடக்கு, முட்டுக் குடுத்த கம்பும் சேந்து சாஞ்சிருச்சு. கணக்கெடுக்க வந்தவங்க கேட்ட மொத கேள்வியே பட்டா யார் பேர்லங்குறதுதான். அது சென்னையில இருக்கவர் பேர்ல. கன்னு வாங்குனது, உரம் போட்டது, நகைய அடகு வச்சது நானு, பணம் ஏறப்போறது அவர் அக்கவுண்ட்ல. என்னங்க நியாயம்?

பட்டா பார்ட்டி:
வருத்தம்தாண்ணே, ஆனா நானும் நெலத்த குத்தகைக்கு விட்டவன், அதான் சொல்றேன். வாய்ப்பேச்ச நம்பி பணம் குடுத்தா ஒரே தோட்டத்துக்கு மூணு பேரு வந்து நிப்பான். குத்தகைய பதிய 1969லயே சட்டம் இருக்கு, பதிஞ்சிருக்கலாம்ல?

குத்தகை வாழை:
கூப்பிட்டா நீங்க வருவீங்களா? பதிஞ்சா குத்தகைக்காரனுக்கு பாதுகாப்பு குடுக்குற 1955 சட்டத்த காட்டி நெலத்துலயே உக்காந்துக்குவான்னு பயந்து வெள்ளப் பேப்பர்ல கூட எழுதித் தர மாட்டேங்குறீங்க. குத்தகைப் பணம் மட்டும் முன்னாடியே எண்ணி வச்சிரணும்.

கணக்குப்புள்ள:
மொதல்ல தொகைய பாருங்கப்பா. பேரிடர் நிதி விதிப்படி 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம் இருந்தா இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, அதுவும் ஆளுக்கு 2 ஹெக்டேர் வரைக்கும்தான். 17,000த்த ஏக்கருக்குப் பிரிச்சா ஏழாயிரம் கூட வராது. பேரே இடுபொருள் மானியம்தான், அதாவது விதை உரச் செலவுக்கு ஒரு உதவி, நஷ்டஈடுன்னு யாரும் சொல்லல. நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ்தான் வழி.

பட்டா பார்ட்டி:
அதான், பிரதமர் பயிர் இன்சூரன்ஸ் குத்தகைக்காரரும் போடலாம். வாழைக்கு விவசாயி கட்டுற பிரீமியம் காப்பீட்டுத் தொகையில 5 சதவீதம்தான்.

குத்தகை வாழை:
போடலாம், கெடைக்கணும்ல. ஒரு தோட்டத்த மட்டும் தனியா வந்து பாக்குறது ஆலங்கட்டி, நிலச்சரிவு, தண்ணி தேங்குறது, மேகவெடிப்பு, இடி விழுந்து தீப்பிடிக்கிற மாதிரி சேதத்துக்குத்தான், காத்து அந்த லிஸ்ட்லயே இல்ல. காத்துன்னா ஏரியா முழுக்க சராசரி மகசூல் கொறையணுமாம். இங்க மலை இடுக்குல எறங்குற காத்து எங்க தோட்டத்த முறிச்சுட்டு வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு எலையக் கூட கிழிக்கல, இதுல எங்கருந்து சராசரி கொறையும்?

குமுளி ஏலக்காடு:
கேரளாவுல வாழைக்கு மரம் எண்ணித்தான் கணக்கு, தார் போட்டதுக்கு ஒரு ரேட்டு, போடாததுக்கு ஒரு ரேட்டு. அது தேவல. ஆனா பொறாமப்படாதீங்க, 2024 வெயில்ல இடுக்கியில ஏலம் கருகுனப்ப போர்ட்டல்ல அப்ளிகேஷன் போட்டுட்டு கிருஷி பவனுக்கு (அங்கத்த வேளாண்மை ஆபீஸ்) நடையா நடந்தோம். வண்டன்மேடு பக்கம் தோட்டம் வச்சிருக்க தேனிக்காரங்களுக்கு ரேஷன் கார்டு ஒரு ஸ்டேட்டு, செடி ஒரு ஸ்டேட்டு, கேக்கவே வேணாம்.

கணக்குப்புள்ள:
ஆந்திராவுல 2019ல சட்டம் போட்டு சாகுபடி பண்றவருக்கு 11 மாசக் கார்டு குடுக்குறாங்க, நெல உரிமைக்கு அதால பங்கமில்ல. ஆனா அதுக்கும் ஓனர் கையெழுத்து வேணும்.

பட்டா பார்ட்டி:
அந்த மாதிரி இங்க வந்தா மொத ஆளா கையெழுத்துப் போடுறேன்.

குத்தகை வாழை:
வாழையில தார் வெட்டவே பதினொண்ணு பன்னெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள கார்டு காலாவதி. இப்பத்தான் நெலத்துக்காரர்ட்ட போன் பேசுனேன், பணம் ஏறுனா பாதி தர்றாராம். மிச்சம்னு கேட்டா அடுத்த வருசக் குத்தகையில கழிச்சுக்கலாம்ங்குறாரு. அடுத்த வருசம் குத்தகை ஏத்தப்போறதையும் அதே போன்லதான் சொன்னாரு.