டிப்பர்கள் சேருமிடங்களை அமைத்தல்: கழிவுமண் மேட்டை எப்படிக் கொடுப்பது?

கேள்வி:
வணக்கம். அரியலூர்ப் பகுதியிலுள்ள ஒரு திறந்தவெளிச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திற்கு ஐந்தாண்டுத் திட்டம் தயாரித்து வருகிறேன். கிரஷர் (கல்லுடைக்கும் இயந்திரம்), தரம் குறைந்த கல்லுக்கான இருப்புக்குவியல், கழிவுமண் மேடு ஆகிய மூன்றையும் சுரங்கத் திட்ட மென்பொருளில் சேருமிடங்களாக, அதாவது டிப்பர்கள் பாரத்தை இறக்கும் இடங்களாகக் கொடுத்துள்ளேன். மேடு ஆண்டுதோறும் உயர்ந்தாலும், டிப்பர் ஒரு நடைக்கு எடுக்கும் நேரம் கடைசி ஆண்டு வரை மாறவேயில்லை. எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1:
மேட்டை ஒரே புள்ளியாகக் கொடுத்திருந்தால் இப்படித்தான் வரும். அதை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் தனிச் சேருமிடமாக்கி, கீழடுக்கு நிரம்பிய பின்பே மேலடுக்கு திறக்கும்படி வரிசையையும் கொள்ளளவையும் கொடுங்கள். 16க்கு 1 என்ற சரிவுள்ள சாலையில் 20 மீட்டர் உயரம் ஏற 320 மீட்டர் ஓட வேண்டும். பாரத்துடன் ஏறும் வண்டி ஊர்ந்துதான் செல்லும் என்பதால், ஒரே சராசரி வேகத்தைப் போடாமல், ஏற்றம், சமதளம், இறக்கம் எனச் சாலைத் துண்டுகளுக்குத் தனித்தனி வேகம் கொடுப்பதே முறை.

பதில் 2:
கொள்ளளவில், தோண்டிய மண் உப்பும் என்பதையும் சேர்க்க வேண்டும். நிலத்தில் 1 லட்சம் கன மீட்டராக இருப்பது, உப்புதல் காரணி 1.25 எனில், மேட்டில் 1.25 லட்சம் கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும். கிரஷருக்கு மணிக்கு இத்தனை டன் என்ற வரம்பு போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. குவியலிலிருந்து பின்னர் கிரஷருக்குச் செல்லும் நடைகளையும் இதில் சேர்க்கலாமா?

பதில் 1:
சேர்த்தே ஆக வேண்டும். குவியலைப் புறப்படும் இடமாகவும் வரையறுங்கள். இல்லையெனில் அங்கு லோடரும் டிப்பரும் உழைக்கும் மணிநேரம் திட்டத்தில் வராமலேயே போய்விடும்.